முகூர்த்த நாளில் ஏழு நாற்காலிகள்

நாற்காலிகள் எங்களுடையவை அல்ல.
முதுகில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும்:
சோலைமலை வாடகைப் பாத்திரக் கடை, செல்லூர்.
காலையில் யார் வீட்டுத் துக்கத்திலோ இருந்துவிட்டு
மாலையில் மாடியேறி வந்து
எங்களுக்காக வட்டமாய் நிற்கும்.
சில கைப்பிடிகளில் சந்தனம் காய்ந்திருக்கும்.
நான் துடைப்பதில்லை.

திங்கட்கிழமை,
வயதுக்கு மீறி அமைதியாகிவிட்ட பிள்ளைகள்.
அவர்களுக்கு நாற்காலி ஆகாது.
கால் தரைக்கு எட்டாத ஒருவரிடம்
கேள்வி கேட்பது அநியாயம்.
பாய் விரிப்போம். ஒரு வாளி களிமண்.

புதன், குடியை நிறுத்த வந்தவர்கள்.
ஆளாளுக்குக் கதவைப் பார்த்த நாற்காலி வேண்டும்.
வட்டத்தில் அது நடக்காதென்று
முதல் வாரமே சண்டை.

மற்ற கிழமைகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன்.
பிள்ளை பெற்றபின் தூக்கம் தொலைத்த பெண்கள் வரும்போது
குறிப்பேட்டைத் திறப்பதே இல்லை,
அவ்வளவுதான்.

படிப்பில் சொல்லித்தந்தார்கள்:
வயதைக் கலக்காதே. வலியைக் கலக்காதே.
ஒரு குழுவுக்கு எட்டுப் பேர், தொண்ணூறு நிமிடம்.
அதைத் தேர்வில் எழுதி
எழுபத்தொரு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

அது ஆவணி.
திங்களன்று கட்டடக்காரர் பேத்திக்குக் காதுகுத்து,
பிள்ளைகளைப் புதன் நாலு மணிக்கு மாற்றியிருந்தேன்.
புதனோ பெரிய முகூர்த்தம்.
சோலைமலையிடமிருந்து ஏழே நாற்காலி.
ஆறு மணிக்கு வரவேண்டியவர்கள்
ஐந்துக்கே படியில் நின்றார்கள், பதினொரு பேர்.
"கீழ நிக்க முடியலைங்க" என்றார் பிச்சைக்கனி,
மாட்டுத்தாவணியில் லோடு ஆட்டோ ஓட்டுபவர்.
"எதிர்த்தாப்புல போர்டு லைட்டு எரியுது."

உள்ளே விட்டேன்.

ஏழு பேருக்கு நாற்காலி.
மிச்சம் நாலு பேர் பாயின் ஓரத்தில்,
கல்யாணப் பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் போல.
பிச்சைக்கனி இரண்டு கைகளையும்
தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தார்.
நாலு மாதமாக அப்படித்தான் உட்காருகிறார்.
எங்களில் யாரும் அதைக் கேட்டதில்லை.
நாகரிகம் என்று நினைத்திருந்தோம்.

யோகேஷ்வரன் ஒன்பது வயது.
பதினோரு வாரமாய் அந்த அறையில்
அவன் குரலை நான் கேட்டதில்லை.
"கைய ஏன் அமுக்கி வச்சிருக்கீங்க?"

"ஆடும்ப்பா."

"எங்கிட்டும் போயிராது. எடுங்க."

ஒரு உருண்டை மண்ணைத் தள்ளினான்.
வெளியே வந்த கைகள் ஆடின.
மண்ணில் வரிவரியாய் அந்த ஆட்டம் விழுந்தது.
பையன் குனிந்து பார்த்தான்,
தப்பென்றும் சொல்லவில்லை, அழகென்றும்.

"எம் மகனுக்குப் பதினாறு" என்றார் அவர்,
என்னிடம் அல்ல, மண்ணிடம்.
"அவன் எங் கையப் பாக்க மாட்டான்."

அறை மூச்சை நிறுத்தியது.
இந்த இடத்தில் நான் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.
வாயைத் திறந்தேன்.
அதற்குள் பையன்,
"ரொம்ப ஒட்டுதுல்ல?
கொஞ்சம் தண்ணி போடுங்க, சரியாயிரும்."

முதலில் சிரித்தது சவரிமுத்து.
பிறகு ஏழு நாற்காலியும் குலுங்கின.
பிச்சைக்கனி கண்ணீர் வரச் சிரித்தார்,
சிரிப்பு முடிந்த பிறகும்
கண்ணீர் கொஞ்சம் பாக்கி இருந்தது.
எதற்கென்று தெரியாமல்
பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள்.
யோகேஷ்வரன் மட்டும்
வாளியிலிருந்து கையளவு நீரை அள்ளி
சிந்தாமல் கொண்டுவந்துகொண்டிருந்தான்.

அறிக்கையில் 'குழுக்கள் கலந்தன, என் தவறு' என்று எழுதினேன்.
மேலதிகாரி அடிக்கோடிட்டார்.
அவர் சொன்னதும் சரிதான்;
அந்தப் பையனின் அப்பா எப்படிப் போனாரென்று
கோப்பில் இருக்கிறது,
பாயில் இருந்தவர்களுக்குத் தெரியாது.

அடுத்த திங்கள் அவன் மறுபடி பேசவில்லை.
பிச்சைக்கனி இரண்டு புதன் வந்தார், மூன்றாவது வரவில்லை,
நான்காவது வந்து
எங்கே போனேன் என்று கேட்காதீங்க என்றார்.

ஆனால் அன்று இரவே
நாற்காலி எடுக்க வந்த கடைப்பையன்
ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினான்.
பிச்சைக்கனி எழும்போது பிடித்த கைப்பிடி.
ஐந்து விரலும் மண்ணில், கோடு கலங்கி.
"கழுவித் தரணும்க்கா. இல்லாட்டி அஞ்சு ரூவா பிடிப்பாரு."

பிடிக்கட்டும் என்றேன்.